சிறையிலிருந்து வரும் உடுப்பையும் விரிப்பையும் தோய்க்கும் முறை: திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

விளக்கமறியலில் இருக்கும் ஒருவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் குடும்பத்தவரின் கையில் பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அதற்குள் இரண்டு சாரம், இரண்டு மூன்று சட்டை, ஒரு துவாய், சில வேளைகளில் ஒரு படுக்கை விரிப்பு இருக்கும். அந்தப் பையை வீட்டில் எந்த இடத்தில் அவிழ்ப்பது, உள்ளே இருப்பவற்றை எந்த ஒழுங்கில் தோய்ப்பது, எவ்வளவு உலர்ந்த பின் திருப்பி அனுப்புவது என்பவற்றை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. என் தம்பி விளக்கமறியலில் இருந்த மாதங்களில் அம்மாவும் நானும் அவனுடைய உடுப்புகளைத் திருகோணமலையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தோய்த்தோம். தொடக்கத்தில் எல்லாவற்றையும் பிழையாகவே செய்தோம். வீட்டு உடுப்புகள் கிடந்த கூடையிலேயே அவற்றையும் போட்டோம். குளிர்ந்த நீரில் சவர்க்காரத்தை மட்டும் தாராளமாகப் போட்டுக் கசக்கினோம். நல்ல வாசம் வந்ததும் சுத்தமாகிவிட்டது என்று நம்பினோம். இரண்டு மாதத்துக்குள் எங்கள் வீட்டுக் கட்டிலில் மூட்டைப்பூச்சி பிடித்தது. தம்பிக்கோ சிரங்கு வந்தது. மருந்து பூசியும் போகாமல் திரும்பி வந்தது. பிறகு கேட்டும் செய்து பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், உள்ளே சலவை எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். இலங்கைச் சிறைகளில் தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்குச் சிறை நிருவாகம் வெள்ளை உடுப்பு வழங்குகிறது. அது சிறைக்குள்ளேயே தோய்க்கப்படுகிறது. கைதிகள் வேலை செய்யும் சிறைத் தொழிற்பிரிவுகளில் தச்சு, தையல் ஆகியவற்றைப் போலச் சலவையும் ஒன்று. விளக்கமறியலில் இருப்பவர்கள் குற்றவாளிகள் என்று தீர்க்கப்படாதவர்கள் என்பதால் சொந்த உடுப்பையே அணிகிறார்கள். அதைத் தோய்க்கும் பொறுப்பும் அவர்கள் மீதே விழுகிறது. தண்ணீர்த் தொட்டியடியில் வாளியை வைத்து, குளிக்கும் நேரத்திலேயே தோய்த்து, கிடைக்கும் கம்பியிலோ மதிலிலோ விரித்து உலர்த்த வேண்டும். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலைகள் பற்றிய ஆய்வு, கைதிகள் எவ்வளவு நெருக்கமாகப் படுக்க வேண்டியிருக்கிறது என்பதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. பாயோடு பாய் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் ஒருவருடைய விரிப்பு அவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் எல்லாமே அந்த ஓர் உண்மையிலிருந்து கிளைப்பவை.

சர்வதேச அளவில் இதற்கு ஒழுங்குவிதிகள் உண்டு. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 டிசம்பர் 17 அன்று ஏற்றுக்கொண்ட, நெல்சன் மண்டேலா விதிகள் எனப்படும் கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளில், கைதியின் உடுப்பு சுத்தமாகவும் நல்ல நிலையிலும் இருக்க வேண்டும் என்றும், உள்ளாடைகள் சுகாதாரத்துக்குத் தேவையான அளவு அடிக்கடி மாற்றித் தோய்க்கப்பட வேண்டும் என்றும் 19ஆம் விதி சொல்கிறது. தனிப் படுக்கையும், கொடுக்கும்போதே சுத்தமாக இருக்கிற, சுத்தம் கெடாத அளவுக்கு அடிக்கடி மாற்றப்படுகிற போதிய விரிப்புகளும் வேண்டும் என்று 21ஆம் விதி சொல்கிறது. இவற்றைப் பார்வையிட்டு நிருவாகத்துக்கு ஆலோசனை கூறும் பொறுப்பை 35ஆம் விதி வைத்தியருக்கோ உரிய சுகாதார அமைப்புக்கோ கொடுக்கிறது. தோய்ப்பதற்கு இடம் கேட்பதும் மாற்று விரிப்பு கேட்பதும் சலுகை கேட்பதாகாது என்பதைக் குடும்பத்தவர் மனத்தில் வைத்துப் பேச வேண்டும்.

உடுப்பைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தியைச் சொல்வதுண்டு. 1750இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளிடமிருந்து, அக்காலத்தில் சிறைக்காய்ச்சல் எனப்பட்ட டைபஸ் நோய் பரவி, நீதிபதிகளும் நகர மேயரும் உட்படப் பலர் மாண்டனர். அது எப்படிப் பரவியது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூனிஸ் நகரில் பணியாற்றிய சார்ல்ஸ் நிக்கோல் என்ற வைத்தியர், நோயாளியின் உடுப்பைக் களைந்து குளிப்பாட்டி உள்ளே எடுத்த பிறகு அவரால் வேறு யாருக்கும் நோய் தொற்றுவதில்லை என்பதையும், களைந்த உடுப்பைக் கையாண்டவர்களுக்கு மட்டும் தொற்றுகிறது என்பதையும் கவனித்தார். உடுப்பின் தையல் விளிம்புகளில் வாழும் உடற்பேனே நோயைக் கடத்துகிறது என்று 1909இல் நிறுவினார். 1928இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம்முடைய கவலை இன்று டைபஸ் அல்ல. சிரங்கும், படர்தாமரையும், மூட்டைப்பூச்சியும், பேனும்தான். ஆனாலும் தையல் விளிம்பைக் கவனிக்க வேண்டும் என்ற பாடம் மாறவில்லை.

அனுப்பும் உடுப்பைத் தேர்வதே தோய்ப்பின் முதற்படி

சிறைகளில் எல்லாத் தேவைக்குமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 லீற்றர் வரை தண்ணீர் கிடைக்க வேண்டும் என்பதைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழு குறைந்த அளவாகக் கொள்கிறது. குளிப்பதும் தோய்ப்பதும் அதற்குள் அடங்க வேண்டும் என்றால், தடித்த டெனிம் காற்சட்டையோ கம்பளியோ அனுப்புவதில் பொருள் இல்லை. அதை நனைக்கவே அரை வாளி போய்விடும், உலரவும் ஒன்றரை நாள் செல்லும். மெல்லிய பருத்திச் சாரமும், கையில்லாத பெனியனும், இலேசான சட்டையும் ஒரு வாளித் தண்ணீரில் அடங்கும். நல்ல வெயிலில் இரண்டு மணி நேரத்தில் காயும். விரிப்பு ஒற்றைத் துணியாகவும் வெளிர் நிறமாகவும் இருக்கட்டும். மூட்டைப்பூச்சி விடும் கரும்புள்ளிகளும் இரத்தக் கறையும் வெளிர் துணியில்தான் கண்ணுக்குத் தெரியும். படைச் சீருடையை ஒத்த நிறமோ அச்சோ உள்ள எதையும், நாடா கோத்த உடுப்புகளையும் தவிர்த்துவிடுங்கள். எத்தனை உருப்படி கொண்டுவரலாம், எந்த நாளில் கொடுக்கலாம் என்பதை வாசலில் இருக்கும் உத்தியோகத்தரிடம் முதல் நாளே மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இது இடத்துக்கு இடம் வேறுபடும்.

ஒவ்வொரு உருப்படியிலும் ஓர் அடையாளம் வேண்டும். மை பூசினால் தோய்ப்பில் அழியும். கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் ஒரே நிற நூலால் மூன்று தையல் போட்டால் போதும். விரிப்புக்கு இன்னொரு வேலை செய்யுங்கள்: தலைமாட்டு மூலையில், மேல் பக்கத்தில் மட்டும் தெரியும்படி ஒரு தையல் போடுங்கள். அந்தத் தையல் எப்போதும் மேலே தெரியும்படி விரித்தால், தரையில் பட்ட பக்கம் ஒருநாளும் உடம்பில் படாது. இது என் அம்மா கண்டுபிடித்தது. சிறிய செயல்தான், ஆனால் தம்பியின் முதுகில் இருந்த தடிப்புகள் அதன் பிறகுதான் குறைந்தன.

பாய் வாங்குவதானால் யோசித்து வாங்க வேண்டும். நம் பகுதிகளில் பன் என்ற புல்லால் பின்னப்படும் பன்பாய் உடம்புக்குக் குளிர்ச்சியானது. ஆனால் அதன் பின்னலின் இடுக்குகள் மூட்டைப்பூச்சிக்கு வீடாகிவிடுகின்றன, ஊறவைத்தால் பன்னும் அழுகிவிடுகிறது. நெருக்கமான இடத்துக்குத் துடைத்துக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் பாயே ஏற்றது என்பது என் முடிவு. பன்பாய்தான் இருக்கிறது என்றால், உச்சி வெயிலில் சிமெந்துத் தரையில் விரித்து, விளிம்போரம் கொதிநீரை மெல்ல ஊற்றி, தடியால் தட்டி, மறுபுறமும் அவ்வாறே செய்து, முற்றாகக் காய்ந்த பின்னரே சுருட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பையை அவிழ்ப்பது

பையை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வாய் கட்டியபடியே கிணற்றடிக்கோ முற்றத்துக்கோ எடுத்துச் சென்று, உதறாமல், நேரே வாளிக்குள் அல்லது கிடாரத்துக்குள் கொட்டுங்கள். உதறினால் பூச்சியும் முட்டையும் நிலத்தில் விழும். அங்கிருந்து வீட்டுக்குள் போகும். பையைத் திருப்பிப் பயன்படுத்தாமல் கட்டி எறிந்துவிடுங்கள். சிறு பிள்ளைகளின் உடுப்புகளோடு இவற்றைக் கலக்கவே கூடாது.

இங்கே ஒரு விலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். வந்த உடுப்பில் இரத்தக் கறையோ, கிழிசலோ, அடிபட்டதற்கான அறிகுறியோ இருந்து, உள்ளே இருப்பவரும் தமக்குத் துன்பம் நேர்ந்ததாகச் சொன்னால், அந்த உடுப்பைத் தோய்க்கவே வேண்டாம். அது சான்றுப் பொருள். நிழலில் உலரவிட்டு, பொலித்தீனில் அல்லாமல் சுத்தமான கடதாசியில் சுற்றி, பெற்றுக்கொண்ட திகதியையும் நேரத்தையும் எழுதி, உடனே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். நீதவானிடம் முறையிட்டு, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்கலாம். சித்திரவதையைக் குற்றமாக்கும் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. தாய்மார் பலர் மனம் தாங்காமல் அந்தக் கறையை அன்றிரவே தோய்த்துவிடுகிறார்கள். அந்த மனத்தை விளங்கிக்கொள்ள முடிகிறது, ஆனாலும் தோய்க்காதீர்கள்.

சூடு, நேரம், பிறகு சவர்க்காரம்

சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சி 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பத்து நிமிடத்தில் இறந்துவிடும். பேனையும் மூட்டைப்பூச்சியையும் அவற்றின் முட்டைகளையும் கொல்ல 60 பாகை வேண்டும் என்று கொள்ளுங்கள். வீட்டில் வெப்பமானி இல்லாமலே இதை அளக்க ஒரு வழி உண்டு. கொதித்துக்கொண்டிருக்கும் நீர் ஒரு பங்கும் சாதாரணக் கிணற்று நீர் ஒரு பங்கும் கலந்தால், நம் ஊர் வெப்பநிலையில் ஏறத்தாழ 64 பாகை வரும். வாளியும் துணியும் கொஞ்சத்தை இழுத்துக்கொண்டாலும் 60 பாகையை ஒட்டி நிற்கும். துணி முழுதும் அமிழும்படி தடியால் அழுத்தி, மூடி போட்டு, இருபது நிமிடம் வையுங்கள். கையை விட்டுப் பார்க்காதீர்கள். அந்தச் சூடு தோலை வேகவைத்துவிடும். நிறம் போகாத வெள்ளைப் பருத்தியையும் விரிப்பையும் கிடாரத்தில் நேரடியாகவே பத்து நிமிடம் கொதிக்கவிடலாம்.

விறகும் தண்ணீரும் குறைவாக இருக்கும் வீட்டுக்கு, நம் சலவைத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட வெள்ளாவியைவிட நல்ல முறையை நான் அறியேன். கிடாரத்தின் அடியில் நான்கு விரற்கடை நீர் விட்டு, அதற்கு மேலே நிற்கும்படி கம்புகளைக் குறுக்கே அடுக்கி, சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து இலேசாகப் பிழிந்த துணிகளை நெருக்காமல் அடுக்கி, மூட வேண்டும். ஆவி வெளியே வரத் தொடங்கியதிலிருந்து அரை மணி நேரம் விட்டால், அது தையல் விளிம்புக்குள்ளும் மடிப்புக்குள்ளும் புகுந்துவிடும். அந்தத் தொழிலைச் செய்தவர்களை இந்தச் சமூகம் நடத்திய விதம் நியாயமானதன்று. அவர்கள் கையில் இருந்தது கிருமி நீக்கும் கலை.

இந்தச் சூட்டு வேலை முடிந்த பிறகே சவர்க்காரம். கறை இரத்தக் கறையானால் மட்டும் ஒழுங்கு மாறும்: முதலில் குளிர்ந்த நீரில் அலம்பிக் கறையை நீக்க வேண்டும், சூட்டில் இரத்தம் துணியிலேயே பிடித்துக்கொள்ளும். கடலோரக் கிணறுகளில் நீர் உவராகவும் கடினமாகவும் இருக்கும். அதில் சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்து, சாம்பல் நிறப் படலமாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரம் போடுவதற்கு முன் வாளி நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்தால் இது குறையும். கடைசி அலம்பலுக்காவது, கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குழாய் நீரைப் பயன்படுத்துங்கள். உவர் நீரில் அலம்பிய துணியில் உப்பு தங்கி, மாரி காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; எவ்வளவு உலர்த்தினாலும் பிசுபிசுப்பு போகாது.

வெள்ளைத் துணிக்கு மட்டும், மலம், சீழ், வாந்தி பட்டிருந்தால், குளோரின் பயன்படுத்தலாம். 5 வீதம் என்று எழுதப்பட்ட வெளிற்றும் திரவத்தில் 100 மில்லிலீற்றரை 10 லீற்றர் தண்ணீரில் கலந்தால் 0.05 வீதக் கரைசல் கிடைக்கும். சவர்க்காரமிட்டுத் தோய்த்து அலம்பிய துணியை அதில் அரை மணி நேரம் ஊறவைத்து, மீண்டும் அலம்புங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழிவறை கழுவும் திரவத்தையோ, வினாகிரியையோ, எலுமிச்சையையோ இதனோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூச்சை அடைக்கும் நச்சு வாயு எழும்.

உலர்த்துவதில் நம் ஊரின் இரண்டு காற்றுகளையும் அறிந்து நடக்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் அடிக்கும்போது காலையில் விரித்தது பத்து மணிக்கு முன் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். புழுதி படியாமல் எடுத்தால் போதும். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றும் மழையும் இருக்கும் நாட்களில், கொடியில் தொங்கும் துணி இரண்டு நாளானாலும் ஈரம் விடாது. அப்படிப்பட்ட துணியைப் பொலித்தீனில் கட்டி அனுப்பினால், உள்ளே அவர் கையில் சேரும்போது பூஞ்சண மணம் வீசும். அதை உடுத்தினால் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை பற்றும். ஆகவே மழைக்காலத்தில் குறைவான உருப்படியை அனுப்புங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் இஸ்திரிக்கைப் பெட்டியால் நன்றாக அழுத்தி அனுப்புங்கள். கழுத்து, கமக்கட்டு, சாரத்தின் மூட்டுத் தையல், உள்ளாடையின் விளிம்பு ஆகிய இடங்களில் பெட்டியைச் சற்று நிறுத்தி அழுத்தினால், எஞ்சிய ஈரமும் பேன் முட்டையும் சேர்ந்து போகும். ஆறிய பின் மடித்து, பொலித்தீனுக்குப் பதில் துணிப்பையில் வையுங்கள்.

சிரங்கு வந்துவிட்டால்

நாங்கள் தோற்ற இடம் இதுதான் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். சிரங்கு முதன்மையாக உடலோடு உடல் ஒட்டுவதால் பரவுகிறது. விரிப்பும் உடுப்பும் அதற்குத் துணை செய்கின்றன. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லலாம். ஆகவே இன்று சொறியாதவரும் அதைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும். வைத்தியர்கள் பொதுவாகக் கொடுக்கும் 5 வீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால் விரல் வரை இரவில் பூசி, எட்டு முதல் பதினான்கு மணி நேரம் கழித்துக் குளித்துக் கழுவ வேண்டும். ஒரு வாரத்தின் பின் மீண்டும் பூசுவதும் வழக்கம். தம்பி அதை ஒழுங்காகவே பூசினான். ஆனால் குளித்த பின் பழைய விரிப்பிலேயே படுத்தான். பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்கு அன்று மருந்து கிடைக்கவில்லை. மூன்று வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தது.

மருந்தும் மாற்று உடுப்பும் மாற்று விரிப்பும் பக்கத்தில் படுப்பவர்களின் மருந்தும் ஒரே நாளில் நடக்க வேண்டும். இதைக் குடும்பம் மட்டும் செய்து முடிக்க முடியாது. சிறை வைத்தியருக்கு அல்லது வைத்தியப் பிரிவுக்கு எழுத்தில் வேண்டுகோள் கொடுத்து, மருந்து பூசும் இரவு எது என்பதைக் கேட்டறியுங்கள். அதற்கு முந்திய பார்வை நாளிலேயே சூட்டில் தோய்த்து அழுத்திய முழுத் தொகுதி ஒன்றைத் தனியே கட்டிக் கொடுத்து, குளித்த பிறகே அவிழ்க்கச் சொல்லுங்கள். முந்திய மூன்று நாளில் உடுத்தியவை, விரித்தவை, துடைத்தவை எல்லாம் வெளியே வரட்டும். தோய்க்க முடியாத பொருளை, உதாரணமாக வேதப் புத்தகத்தின் துணி உறையை அல்லது தொழுகை விரிப்பை, பொலித்தீனில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்; உடம்பை விட்டு நீங்கிய சிரங்குப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாழாது. மூட்டைப்பூச்சிக்கு இந்த முறை உதவாது, அது உணவின்றிப் பல மாதம் கிடக்கும். அதற்குச் சூடே ஏற்ற வழி.

மருந்தோ மாற்று விரிப்போ தோய்க்கும் தண்ணீரோ தொடர்ந்து மறுக்கப்பட்டால், முதலில் அத்தியட்சகருக்கு எழுதிப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பலன் இல்லாவிட்டால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற அவசர இலக்கத்துக்கு அழைக்கலாம். அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலும் உண்டு.

உள்ளே இருப்பவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது கொஞ்சமே. ஒரு வாளித் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், அரை வாளியில் உள்ளாடையை முதலிலும் சட்டையை அடுத்தும் சாரத்தைக் கடைசியிலும் ஒரே சவர்க்கார நீரில் தோய்த்து, மிஞ்சிய அரை வாளியை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை அலம்ப வேண்டும். ஒரே முறையில் முழுவதையும் ஊற்றி அலம்புவதைவிட இதில் சவர்க்காரம் நன்றாகப் போகும். இரவில் ஈரத்தோடு உடுத்துப் படுக்க வேண்டாம். கம்பியில் இடம் கிடைக்காத நாளில் இன்னொருவரோடு முறை வைத்துக்கொள்ளலாம்.

வழக்குத் தவணைக்கு என்று ஒரு சட்டையைத் தோய்த்து அழுத்தித் தனியே வையுங்கள். கசங்காத சட்டையோடு நீதவான் முன் நிற்பவருடைய தோள் நிமிர்ந்திருப்பதை நான் பல தவணைகளில் பார்த்திருக்கிறேன்.

விடுதலையாகும் நாளில் வாசலுக்கு ஒரு முழு மாற்று உடுப்பையும் ஒரு பொலித்தீன் பையையும் கொண்டுபோங்கள். உள்ளே உடுத்தியவற்றைச் சிலர் கடலில் எறிகிறார்கள், சிலர் எரிக்கிறார்கள். நாங்கள் தம்பியின் இரண்டு சாரத்தையும் விரிப்பையும் வெள்ளாவி வைத்துத் தோய்த்து, அவற்றில் இருந்த அடையாளத் தையலைப் பிரித்து எடுத்தோம். பிறகு வாசலில் உத்தியோகத்தரின் அனுமதியைப் பெற்று, பார்க்க ஒருவரும் வராமல் அவனுக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்த முதியவருக்கு அவற்றைக் கொடுத்தனுப்பினோம்.